ரெண்டும் சரி டீச்சர்

ஜூன் 6, வியாழன்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஜனவரியில் இரண்டு நாள் எழுதிவிட்டு அலமாரியில் போட்டேன். இன்று தூசி தட்டி எடுக்க வைத்தவர் தலைமையாசிரியர் ஞானதீபம் சார்.

மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி முப்பத்தொரு பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார். ஆறாம் வகுப்பு, ஆங்கில வழி. எங்கள் அரசுப் பள்ளிக்கு இது முதல் தடவை. எல்லாரும் தனியார் பள்ளியில் ஐந்தாவது முடித்தவர்கள். அவர்களுக்குக் கணக்கு நான் எடுக்க வேண்டுமாம்.

“சார், நா அ முதல் பி.எட். வரைக்கும் தமிழ் மீடியம். இருவத்திரெண்டு வருசமா தமிழ்லதான் கணக்கு எடுக்கேன். இங்கிலீஷ் வாசிச்சா புரியும், எழுதவும் செய்வேன். வாயால சொன்னதில்ல.”

“கணக்குக்கு என்ன டீச்சர் இங்கிலீசு? எல்லாம் நம்பர்தான?” என்றார். அவர் வரலாறு எடுப்பவர். அவருக்கு அப்படித்தான் தெரியும்.

பெற்றோர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்களாம். முதல் பருவத் தேர்வு வரைக்கும் பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் பழைய பள்ளிக்கே கூட்டிப் போவார்கள். இருபதுக்குக் கீழே குறைந்தால் பிரிவை மூடிவிடுவார்கள். மூடினால் நான் உபரி ஆசிரியர். எந்த மாவட்டத்துக்குத் தூக்கி அடிப்பார்களோ.

“சரி சார், பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று கேட்டால் தெரியாது.

ஜூன் 10, திங்கள்

முதல் நாள். “ஜீரோ” என்றேன். முன் வரிசையில் நஸ்ரின் என்றொரு பெண், கண்ணாடி போட்டவள், தனக்குள்ளே “ஸீரோ” என்று சொல்லிக்கொண்டு எழுதினாள். என்னைத் திருத்துவதற்குச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் வருகிறது. ஆனாலும் என் காது இரண்டும் சுட்டுப்போனது.

அதற்குப் பிறகு அந்தப் பாடவேளை முழுக்க ஒரு தடவைகூட நான் பூஜ்யத்தின் பெயரைச் சொல்லவில்லை. பலகையில் வட்டம் போட்டுக் காட்டினேன்.

ஜூன் 11, செவ்வாய்

சாயங்காலம் போனில் நாலு வீடியோ பார்த்தேன். எக்ஸ், ஒய் வரைக்கும் உலகம் ஒற்றுமையாக இருக்கிறது. அடுத்த எழுத்தை ஒருவர் ‘ஸெட்’ என்கிறார், இன்னொருவர் ‘ஸீ’ என்கிறார். நான் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் ‘இஸட்’ என்பார். அந்த எழுத்துக்கு முன்னால் ஓர் ‘இ’ எப்படி வந்தது என்று இன்றுதான் யோசிக்கிறேன்.

நடுப்புள்ளியை, அதாவது ‘சென்டரை’, புத்தகம் ‘ஆர்-இ’ என்று முடிக்கிறது. வீடியோக்காரர் ‘இ-ஆர்’ என்று முடிக்கிறார். மீட்டருக்கும் அதே சண்டை. அகராதியில் பார்த்தால் இரண்டையும் போட்டு நடுவில் ஒரு சாய்கோடு கிழித்திருக்கிறான். தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் அவனே நழுவிக்கொண்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

கணக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. லண்டனிலும் பன்னிரண்டு, அமெரிக்காவிலும் பன்னிரண்டு.

ஜூன் 13, வியாழன்

இன்று புள்ளியியல் தொடக்கம். தலைப்பே மாட்டிக்கொண்டது. ‘டேட்டா’வா ‘டாட்டா’வா? பலகையில் எழுதிவிட்டேன், வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. முப்பத்தொரு முகம் பார்க்கிறது. சட்டென்று இருமினேன்.

“டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கிட்டு. யாராவது எந்திச்சு வந்து வாசிங்க.”

இசக்கிராஜா என்ற பையன் குதித்து வந்தான். “டேட்டா” என்றான். நஸ்ரின் கை தூக்கி, “டாட்டா, டீச்சர்” என்றாள்.

“டீச்சர், எது சரி?”

“ரெண்டும் சரி” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அகராதியும் அதைத்தானே சொல்கிறது.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் தொண்டை சரியில்லை.

ஜூன் 24, திங்கள்

தொண்டை விஷயம் கைமீறிப் போய்விட்டது. நஸ்ரின் போய்த் தலைமையாசிரியரிடம் சொல்லி, அவர் என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு விசாரித்து, இவர் மின்வாரிய ஆபீசிலிருந்து வரும்போதே தூதுவளைக் கீரையோடு வந்து நிற்கிறார். நேற்று ரசம். இன்று மிளகுப் பால். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன், அம்மியில் மிளகு தட்டுகிறார். குடித்தேன். வேறென்ன செய்ய?

பள்ளியில் ஒரு முறை ஏற்படுத்திவிட்டேன். கணக்கை நான் பலகையில் எழுதுவேன். ஒரு பிள்ளை வந்து உரக்க வாசிக்கும். இன்னொன்று அதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லும். மூன்றாவது ஒன்று போட்டுக் காட்டும். நான் கடைசி பெஞ்சுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எங்கே தடுமாறினாலும் தமிழில் இரண்டு வார்த்தை சொல்வேன். பிள்ளைகள் இதற்குப் ‘பலகை வாசிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் விட்டாலும் சண்டைக்கு வருகிறார்கள், யாருடைய முறை என்று.

தொண்டை ஆறுகிற வரைக்கும்தான் இந்த ஏற்பாடு.

ஜூலை 5, வெள்ளி

இவர் லீவு போட்டு என்னைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனார். காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், குழாய் விட்டுப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லியே. இந்தத் தொண்டைய வச்சு இன்னும் நாலு பள்ளிக்கூடத்துக்குச் சத்தம் போடலாமே.”

வெளியே வந்ததும் இவர் அல்வாக்கடை வாசலில் நிறுத்தி, “அப்பம் என்னதான் செம்பகம் ஒனக்கு?” என்றார்.

“அலர்ஜியா இருக்கும்” என்றேன்.

பஸ் ஏறினோம். பாவூர்சத்திரம் தாண்டியதும், “இங்கிலீசுக்கு அலர்ஜியோ?” என்றார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. எனக்குக் கேட்கவில்லை என்பதுபோல் இருந்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

ரசம் நின்றுவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

எனக்குப் பட்டப்பெயர் விழுந்திருக்கிறது. கழிப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். “அடுத்த பீரியடு யாருட்டி?” “ரெண்டும் சரி டீச்சரு.”

இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு வந்த பெயர்களைப் பட்டியல் போட்டால் அடிஸ்கேல், முறைப்பு, முக்கோணம். எல்லாமே கௌரவமான பெயர்கள். கணக்கு வாத்திச்சிக்கு ‘ரெண்டும் சரி’ என்று ஒரு பெயரா? இதைவிட என்னைச் சமையல்கட்டு டீச்சர் என்று சொல்லியிருக்கலாம்.

திங்கள் முதல் வாய் திறந்துவிட வேண்டியதுதான். தினம் ஒரு சொல். கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை.

ஜூலை 22, திங்கள்

திறக்கவில்லை. ‘ஷெட்யூல்’ என்று வீட்டில் ஒன்பது தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். காலைக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியை மைக்கில் ‘ஸ்கெஜூல்’ என்றாள். அதோடு சரி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெற்றோர் கூட்டம் அடுத்த மாதம். முப்பத்தொன்றில் எத்தனை நிற்கும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். என்னால் ஒரு பிள்ளை திரும்பிப் போனாலும் ஞானதீபம் சார் முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்த மனுஷன் செருப்புத் தேய நடந்திருக்கிறார்.

இவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். மின்கம்பி அறுந்து விழுந்தது என்று போன் வந்து கிளம்பிவிட்டார். நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 27, வெள்ளி

முதல் பருவத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம்.

முதலில் எழுந்தவர் இசக்கிராஜாவின் அம்மா மாரிச்செல்வி. பீடி சுற்றுகிறவர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, முந்தானையைத் திருகிக்கொண்டே பேசினார். என் பக்கம்தான் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

“சார், இந்தக் கணக்கு டீச்சரப் பத்தி ஒண்ணு சொல்லணும். பழைய பள்ளிக்கூடத்துல எம் பய அஞ்சு வருசம் படிச்சான். வாயத் தொறந்து ஒரு வரி இங்கிலீசு பேசினதில்ல. இப்பம் வீட்டுச் செவுத்துல கரித்துண்டால எழுதிப்போட்டு ஓயாம வாசிக்கான். தட்டு வச்சுப் பீடி சுத்திக்கிட்டு இருக்க எங்களையும் எந்திச்சு வாசிக்கச் சொல்லுதான். தப்பா வாசிச்சா, பரவால்ல ரெண்டும் சரிங்கான்.”

எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரு பிள்ளைகூடப் போகவில்லை. முப்பத்தொன்று. கூடுதலாக இரண்டு பேர் சேர விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள்.

இறங்கி வரும்போது கால் லேசாக இருந்தது. ஆனால் மாரிச்செல்வி என் கையைப் பிடித்து, “நல்லா இருப்பிய டீச்சர்” என்றபோது தலையை மட்டும் ஆட்டினேன். அந்த அம்மா வாழ்த்தியது எந்த டீச்சரை என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டாம் பருவத்தில் முக்கோணங்கள். என் சொந்த ஊருக்கு வந்ததுபோல இருக்கிறது. இருசமபக்க முக்கோணம் என்று சொல்லும்போதே வாய் இனிக்கும் எனக்கு. இந்த வகுப்பில் அதற்குப் பெயர் ‘ஐசோசிலிஸ்’. அல்லது ‘ஐசாஸிலீஸ்’. பிள்ளைகள் ஆறு விதமாகச் சொல்கிறார்கள். ஆறும் சரி என்றேன்.

ஒரு சின்னக் கணக்கு கொடுத்தேன். இருசமபக்க முக்கோணத்தின் ஒரு கோணம் நாற்பது. மற்ற இரண்டும் எவ்வளவு? தூங்கிக்கொண்டே சொல்லலாம், எழுபது, எழுபது.

நஸ்ரின் பலகைக்கு வந்து எழுபது எழுபது என்று போட்டாள். இசக்கிராஜா எழுந்து, “டீச்சர், எனக்கு நாப்பது, நூறு வருது” என்றான்.

“தப்பு. உக்காரு.”

“ரெண்டும் சரியா இருக்கப்பிடாதா டீச்சர்?”

எனக்கு வந்ததே கோபம். “ஏலே, இது கணக்கு! ஒன் இஷ்டத்துக்கு ரெண்டு விடை வச்சுக்கிட இது என்ன சந்தைக் கடையா? கணக்குல ஒண்ணுதான் சரி!” என்று கத்தினேன். பக்கத்து வகுப்பே அமைதியாகிவிட்டது. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பின்னாலிருந்து ஒரு குட்டி மெதுவாக, “டீச்சருக்குத் தொண்ட சரியாயிட்டுட்டி” என்றது.

திரும்பிப் பலகையைப் பார்த்தேன். நாற்பது என்பது இரண்டு சமமான கோணங்களில் ஒன்றாக இருந்தால்? அப்போது இன்னொன்றும் நாற்பது. மிச்சம் நூறு. கூட்டினால் நூற்றெண்பது. முக்கோணம் அழகாக உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கோணம் நாற்பது என்று நான் சொல்லவே இல்லை. கேள்வியை அரைகுறையாகக் கொடுத்தவள் நான்.

“இசக்கிராஜா, எந்திரி. நீ சொன்னதும் சரிதான். நாந்தான் சரியாப் பாக்கல. தப்பு ஏம்மேலதான். இங்க வா, வந்து படம் போட்டுக் காட்டு.”

இரண்டு முக்கோணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். ஒன்று ஒல்லி, ஒன்று சப்பை. வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. நானும்தான். இந்த வருஷத்தின் மிக நல்ல பாடவேளை அது.

சாயங்காலம் இவரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “முப்பத்தொரு பிள்ளைய முன்னால தப்புன்னு ஒத்துக்கிட்டியாக்கும். வெக்கமா இல்லியா?” என்றார்.

“கணக்குல தப்பு வந்தா என்ன வெக்கம்? அழிச்சிட்டுத் திரும்பப் போட்டாப் போச்சு.”

“அது சரி” என்று சொல்லிவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் காபியை ஆற்றினார். என்னத்துக்கு அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மாவட்டக் கல்வி அலுவலர் திடீர் வருகை. நேரே ஆறாம் வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில், உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கே நிற்கவும் இடமில்லை.

பிள்ளைகள் காப்பாற்றினார்கள். எழுதினேன், வாசித்தார்கள், விளக்கினார்கள், போட்டார்கள். அதிகாரியம்மா நோட்டுகளை வாங்கிப் பார்த்தார். ஒரு சொல்லையும் தான் சொல்லாமல், பேனாவால் தொட்டுக் காட்டி, “திஸ் ஒன்? வாட் இஸ் திஸ்?” என்று கேட்டார். பிள்ளைகளைச் சோதிக்கிற முறை போலிருக்கிறது. நல்ல முறைதான்.

போகும்போது அதிகாரியம்மா ஞானதீபம் சார் அறையில் வைத்துச் சொன்னார்: “இதுதான் மாணவர் மையக் கற்பித்தல். எத்தன தடவ சர்க்குலர் விட்டிருக்கோம், யாராவது செய்றாங்களா? டீச்சர் நாப்பது நிமிஷத்துல ஒரு இங்கிலீஷ் வார்த்தை பேசல. அவ்வளவையும் புள்ளைங்கள பேச வச்சிருக்காங்க. வேணும்னே ஒதுங்கி நிக்கறாங்க பாருங்க, அது எல்லாருக்கும் வராது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 14, வியாழன்

ஓலை வந்துவிட்டது. இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை, தென்காசியில், ஆங்கில வழிக் கணித ஆசிரியர்கள் அறுபது பேருக்குப் பயிற்சி. ‘பலகை வாசிப்பு: ஓர் அனுபவப் பகிர்வு.’ பேசும் கருத்தாளர், செண்பகவல்லி, அதாவது நான். ஆங்கிலத்தில், முப்பது நிமிடம்.

நான் பயந்து பின்வாங்கியதற்குப் பெயர் வைத்து, அதைக் கற்றுக்கொடுக்கவும் கூப்பிடுகிறார்கள்.

நவம்பர் 20, புதன்

உரையை எழுதி முடித்தேன். நாலு பக்கம். தடுக்கி விழக்கூடிய சொற்களுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். இருபத்தேழு இடம்.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜூன் பதின்மூன்றிலிருந்து.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“எப்பம்லேந்து?”

“தூதுவளை ரசத்தக் கொறை சொல்லாமக் குடிச்சியே, அப்பமே.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் அங்கே போய் மாட்டிக்கொண்டால் பிரிவு என்னாகும், பெற்றோருக்குத் தெரிந்தால் என்னாகும் என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த நாலு பக்கத்தையும் வாங்கி மடித்து, என் பையில் பத்திரமாக வைத்தார்.

நவம்பர் 22, வெள்ளி

கனமழை. நாளை பயிற்சி ஒத்திவைப்பு என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. வருண பகவானுக்கு ஒரு தேங்காய்.

நவம்பர் 30, சனி

டிசம்பர் ஏழு என்று மறுபடி தேதி வைத்துவிட்டார்கள். வானம் துளி மேகமில்லாமல் கிடக்கிறது.

டிசம்பர் 7, சனி

உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

அறுபது பேர். முக்கால்வாசிப் பேர் என் வயது. முன்வரிசையில் அதிகாரியம்மா. மைக் முன்னால் போய் நின்றேன். வணக்கம் சொல்லி முதல் இரண்டு வரியை வாசித்தேன். மூன்றாவது வரியில் முதல் சிவப்புக் கோடு. நின்றுவிட்டேன். மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். என் இருமல்கூட எனக்கு உதவிக்கு வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். காகிதத்தை வைத்துவிட்டு, பின்னாலிருந்த பலகையில் முக்கோணம் வரைந்து, அதன் ஆங்கிலப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். “யாராவது ஒருத்தர் வந்து உரக்க வாசிங்க சார்” என்றேன்.

அறுபது பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்தார். ஒருவர் பையில் எதையோ தேடினார். நாலைந்து பேர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு டீச்சருக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து போன் வந்தது. மணி அடிக்காத போன்.

எனக்கு அந்த வித்தை ஒவ்வொன்றும் அத்துப்படி. ஆறு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். முதலில் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. மைக்கிலேயே சிரித்துவிட்டேன். பெரிய சிரிப்பு. ஒலிபெருக்கி கொய்யென்று கத்தியது.

“தப்பா நெனைக்காதிங்க” என்றேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தானாக வந்தது. “இது மாணவர் மையமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வார்த்தைய எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியாது. சொன்னாப் பிள்ளைய சிரிச்சிருமோன்னு பயம். தொண்ட கட்டிக்கிட்டுன்னு பொய் சொல்லிப் பிள்ளையள வாசிக்க விட்டேன். அதுதான் பலகை வாசிப்பு. நா வேற ஒண்ணையும் கண்டுபிடிக்கல.”

சோலி முடிந்தது என்று நினைத்தேன். அப்போது நாலாம் வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளிக்காரர், எழுந்தார்.

“டீச்சர், நீங்களாவது பிள்ளையள வாசிக்க விட்டிய. நா மூணு வருசமாப் படத்தப் போட்டுக் கையக் காட்டி, திஸ், திஸ், திஸ்னுதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.”

கூரை இடிகிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. போனில் பேசிக்கொண்டிருந்த டீச்சர் போனைத் தலைகீழாகப் பிடித்தபடியே சிரித்தார். ஒருவர் எழுந்து சொல்ல, இன்னொருவர் எழுந்து சொல்ல, ஒவ்வொருவர் பையிலும் ஒரு சொல் இருந்தது. நாற்பது வருஷமாக வாசித்து மட்டுமே வந்த, வாயில் வைக்காத சொற்கள். உயரத்துக்கு ‘ஹைட்’டா ‘ஹெய்ட்’டா என்று ஒரு பெரியவர், ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிறவர், குழந்தை மாதிரிக் கேட்டார். யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அகராதியை எடுத்து எல்லாருமாகக் குனிந்து பார்த்தோம்.

அதிகாரியம்மா எழுந்து மைக்கை வாங்கினார். எனக்குத் திக்கென்றது. பலகையிலிருந்த சொல்லை ஒரு தடவை பார்த்தார். “முப்பது நிமிஷம்னு போட்டிருந்தோம். மத்தியானம் வரைக்கும் இவங்களே எடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த நாலு பக்கத்தை அங்கேயே மேஜைமேல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பாடா என்று இருக்கிறது. தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரிக் கிடந்தேன். இவர் சாப்பிடக் கூப்பிட்டு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 8, ஞாயிறு

துவைத்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பயம் சுத்தமாகப் போய்விட்டது என்று எழுதத்தான் டைரியை எடுத்தேன். அறுபது பேர் என்னை மாதிரி மனுஷர்கள், புரிந்துகொண்டார்கள். பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் அப்படி இல்லையே. நாளை முதல் பாடவேளை கணக்கு.

டிசம்பர் 9, திங்கள்

பலகையில் கணக்கை எழுதினேன். முறைக்காரன் இசக்கிராஜா எழுந்து பாதி வழி வந்துவிட்டான். “நீ உக்காரு. இன்னிக்கு நா வாசிக்கேன்” என்றேன்.

அவன் நின்று ஒரு நொடி பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். நான் பலகைப் பக்கம் திரும்பி வாசித்தேன். முதல் வரியில் ‘ஐசோசிலிஸ்’ இருந்தது. நடுவில் எங்கேயோ ஓர் எழுத்து சறுக்கிவிட்டது, எனக்கே கேட்டது. அடுத்த வரியில் ‘இஸட்’ என்றுதான் வந்தது, எங்கள் வாத்தியார் சொன்ன மாதிரியே. திரும்பவும் சொல்லித் திருத்தலாமா என்று நினைத்தேன். திருத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் படித்து முடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு தலையும் நோட்டுக்குள் குனிந்திருந்தது. கோணத்தைக் கண்டுபிடிக்கிற அவசரம் அவர்களுக்கு.

அப்போது நஸ்ரின் கையைத் தூக்கினாள். வந்துவிட்டது என்று நினைத்தேன். சாக்பீஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “என்னட்டி?” என்றேன்.

“டீச்சர், அந்த மேல்கோணத்தச் சரிபாதியா வெட்டினா அடிப்பக்கமும் சரிபாதியா வெட்டுப்படுமா? எல்லா முக்கோணத்துலயுமா, இதுல மட்டுமா?”

என்ன அருமையான கேள்வி! ஏழாம் வகுப்பு தாண்டியும் கேட்கமாட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். படம் போட்டேன், காகிதத்தை மடித்துக் காட்டினேன், சமமில்லாத முக்கோணத்தை வரைந்து அதில் வெட்டிப் பார்க்கச் சொன்னேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், எது எந்தச் சொல்லாக வந்தது என்று எனக்கே தெரியாது. பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். அடுத்த பாடவேளைக்குத் தமிழாசிரியை வாசலில் வந்து நின்று, “செம்பகம், எம் பீரியடுல பத்து நிமிசத்தத் தின்னுட்டிய, கொஞ்சம் வாய மூடுதியளா?” என்று சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினேன்.